ஓட்டை வாளியும் கண்டமான சட்டிகளும்

வேலூரில் எங்கள் தெருவுக்கு அவ்வப்போது ஒரு குட்டி யானை வண்டி வரும். ஓட்டுபவர் வாய் திறக்க வேண்டியதில்லை. பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே வரும். பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், ஓடாத ஃபேன், உடைஞ்ச குக்கர் என்று அது அடுக்க அடுக்க, வீடுகளிலிருந்து பெண்கள் எதையாவது தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். அண்மையில் ஒருநாள் எதிர்வீட்டு மருமகள் ஓர் இரும்பு வாணலியைக் கொண்டுவந்தாள். ஒரு காது இல்லை. அடியில் சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்கு ஓட்டை. தகடு மட்டும் நல்ல கனம். கொல்லன் அடித்துச் செய்த பழைய வாணலி. தராசில் ஏறுவதற்குள் நான் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டேன்.

"இதை எனக்குக் குடும்மா. அவர் குடுக்குற காசை நான் தரேன்."

"ஓட்டை ஆன்ட்டி. இதை வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

"இன்னும் நிறைய ஓட்டை போடப் போறேன்."

அவள் சிரித்தாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அடி ஓட்டையான வாணலிக்கு எங்கள் அம்மாவிடம் தனி மரியாதை உண்டு. அது சமையலிலிருந்து ஓய்வு பெற்று நெருப்புக்குப் போகும். அதற்கென்று ஓர் இடம் காத்திருக்கும்.

அப்பா ஜவ்வாது மலையில் ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்தார். அப்போது மலை முழுக்க வட ஆர்க்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்து, 2019இல் திருப்பத்தூரும் பிரிந்த பிறகு, அந்த ஒரே மலைக்கு இன்று மூன்று மாவட்டங்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிற பஸ்ஸில் ஆட்களைவிட மூட்டைகள் அதிகம் இருக்கும். அரிசி, எண்ணெய் டின், மண்ணெண்ணெய் கேன், சோப்பு, ஆணி எல்லாம் வளைவு வளைவாகச் சுற்றித்தான் மேலே வர வேண்டும். இறங்கும் பஸ்ஸில் புளியும் தேனும் சாமையும் பலாப்பழமும் போகும். இரும்பு மட்டும் இறங்காது. அவ்வளவு பாடுபட்டு மேலே வந்த ஒரு சட்டியை, ஓட்டை விழுந்தது என்பதற்காகக் கீழே அனுப்புவதை அங்கே யாரும் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

போளூரில் ஆயா வீட்டுத் தெருவில் நிலைமை வேறு. அங்கே பேரீச்சம்பழக்காரர் வருவார். ஈயம், பித்தளை, பழைய இரும்பு எது கொடுத்தாலும் எடைக்கு ஈடாகப் பிசுபிசுவென்று ஒட்டிய பேரீச்சம்பழத்தைத் தாளில் வைத்துக் கொடுப்பார். நாங்கள் பிள்ளைகள் அதற்காகவே நசுங்கிய டம்ளரைத் தேடி அலைவோம். மலைக்குத் திரும்பும்போது அம்மா அந்தப் பேரீச்சம்பழக்காரரின் சாக்கையே கிளறுவாள். "இந்தத் தட்டை குடுங்கண்ணா, இந்த மூடியைக் குடுங்கண்ணா" என்று, அவர் பழம் கொடுத்து வாங்கியதை இவள் காசு கொடுத்து வாங்குவாள். ஆயாவுக்கு இதில் வெட்கம். "வாத்தியார் பொண்டாட்டி கந்தல் இரும்பு வாங்கினு போறாளேன்னு ஊர்ல பேசுவாங்கடி" என்பாள். அம்மா காதில் வாங்கமாட்டாள்.

இன்னொரு வழி, பள்ளி விடுதியின் கண்டமான பாத்திரங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற அன்னக்கூடை, சாம்பார் கொதிக்கிற குண்டான், பொரியல் வாணலி, ஜல்லிக்கரண்டி எல்லாம் ஒருநாள் தேய்ந்து, நெளிந்து, ஓட்டையாகிவிடும். பதிவேட்டில் கழித்து ஏலம் விடுவார்கள். புதுப் பாத்திரக் கடையில்கூட யாரும் அப்படிப் பார்த்து வாங்கமாட்டார்கள், அன்றைக்கு அவ்வளவு கவனமாக விடுதிச் சமையல்கார அண்ணன் ஒவ்வொன்றையும் தட்டி ஓசை கேட்பார். "இது அடி போச்சி, காது நல்லாகீது. அது காது போச்சி, அடி நல்லாகீது." அம்மா வாங்க வேண்டியதை அவர்தான் சொல்வார்.

இதெல்லாம் எதற்கு? எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்த வாளி அடுப்புக்கு.

அந்த அடுப்பைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அடி ஒழுகிப்போன தகர வாளி ஒன்று. அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில், பக்கவாட்டில், உளியும் சுத்தியலும் வைத்து ஒரு சதுர வாய் வெட்ட வேண்டும். உள்ளே புற்றுமண்ணும் சாமை உமியும் சாணமும் பிசைந்து இரண்டு விரல் கனத்துக்குப் பூச வேண்டும். புற்றுமண் நயமானது, வெடிக்காது. உமி முதல் நெருப்பில் எரிந்து போய் மண்ணுக்குள் நுண்ணிய பொந்துகளை விட்டுவைக்கும். அந்தப் பொந்துகள்தான் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். இதை அப்பா சொல்வார். அம்மாவுக்குக் காரணம் தேவைப்படவில்லை, உமி சேர்க்காத அடுப்பில் கரி சீக்கிரம் தீர்கிறது என்பது அவளுக்குத் தெரியும், அது போதும். நிழலில் காய வைத்து, வெடிப்புகளை மறுபடி பூசி, சின்னச் சுள்ளி போட்டு இளஞ்சூட்டில் சுட்டெடுத்தால் அடுப்பு தயார். போளூரில் இருந்த கும்முட்டி அடுப்பு உடைந்த பிறகு அம்மா செய்தது இது. அதன் பிறகு அவள் கும்முட்டி வாங்கவேயில்லை.

மண் பூசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாளித் தகரத்தின்மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள், துருப்பிடிக்காமல் இருக்க. துத்தநாகம் 420 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும். 907 டிகிரியில் ஆவியாகும். ஊதிவிட்ட கரி நெருப்பு அந்தச் சூட்டைத் தாராளமாகத் தொடும். வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கேளுங்கள், பூச்சுள்ள இரும்பைப் பற்றவைத்த நாளில் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும் என்பார்கள். அந்த ஆவிதான். மண் பூச்சு இருந்தால் தகரம் நெருப்பையே பார்க்காது.

வாளிக்குள்ளே பாதி உயரத்தில்தான் ஓட்டை வாணலி உட்காரும். அம்மா சந்தைக்கு வரும் கொல்லரிடம் கொடுத்து வாணலி அடி முழுக்கத் துளை போட்டு வாங்குவாள். துளைகள் பெரிதாகவும் கூடாது, கங்கு கீழே விழுந்துவிடும். சின்னதாகவும் கூடாது, சாம்பல் அடைத்துக்கொள்ளும். வேர்க்கடலை அளவு என்பது அவள் கணக்கு. காற்று கீழ்வாயில் நுழைந்து துளைவழி ஏறி, கரியை எரித்து, மேலே போகும். வாய்க்கு ஓர் ஓட்டுத்துண்டை அண்டக் கொடுத்தால் நெருப்பு அடங்கும், எடுத்தால் சீறும். கடையில் விற்கிற எந்த பார்பிக்யூ சாதனத்திலும் இதைவிட எளிதாகச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற வழியை நான் பார்த்ததில்லை.

ஓட்டை வாணலியின் இடத்தில் முதலில் இருந்தது அலுமினியத் தட்டு. அப்பாவின் யோசனை. துளை போடச் சுலபம் என்று அவரே ஆணியால் குத்தி வைத்தார். சமையல்கார அண்ணன் எட்டிப் பார்த்து, "வாத்தியாரய்யா, அது மேல வைக்கிற சாமான், உள்ள வைக்கிறது இல்ல" என்றார். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்று அப்பாவே வகுப்பில் சொல்லியிருக்கிறார். ஆனால் கங்கின் நடுவில் என்ன சூடு இருக்கும் என்பது அண்ணனுக்குத்தான் தெரிந்திருந்தது. தட்டு நடுவில் குழிந்து தொங்கியதைப் பார்த்து அப்பா அவரை வகுப்புக்கே அழைத்துப் போய்ப் பிள்ளைகளிடம் பேச வைத்தார். எந்த உலோகம் எந்தச் சூட்டைத் தாங்கும் என்பதை அன்றைக்கு அவர் கரண்டி, சட்டி, குண்டான் வைத்துச் சொன்னார். அப்பா பக்கத்தில் நின்று கரும்பலகையில் டிகிரிகளை எழுதினார். அந்தக் கரும்பலகைக்கும் எங்கள் அடுப்புக் கரிதான். ஊமத்தை இலையோடு சேர்த்து அரைத்து, லீவு நாளில் பெரிய பிள்ளைகள் பூசுவார்கள்.

அம்மாவுக்கு இந்த உலோக ஞானம் எங்கிருந்து வந்தது என்றால், போளூர்த் தெருவில் ஈயம் பூச வருகிறவரிடமிருந்து. அவர் மரத்தடியில் சின்னக் குழி பறித்து, தோல் துருத்தியின் குழாயை அதற்குள் விட்டு, கரி போட்டு ஊதுவார். பித்தளைப் பாத்திரம் பழுக்கிற நேரத்தில் நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெள்ளைப் புகை குப்பென்று எழும்பும், மூக்கு எரியும். ஈயக்கட்டியை ஒரு தேய் தேய்த்துப் பஞ்சால் வழித்தால், கறுத்த பாத்திரம் கண்ணெதிரே வெள்ளியாகும். அம்மா சிறுமியாக அவர் எதிரே மணிக்கணக்கில் குந்தியிருப்பாளாம். பூசுகிற வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும் என்பதால்தான் அவ்வளவு லேசாகப் பூச முடிகிறது. அதனாலேயே பூசின பாத்திரத்தை வெறுமனே கங்கின்மேல் வைக்கக் கூடாது, பூச்சு ஓடி ஒரு பக்கம் திரளும். அம்மா பித்தளையைக் கரி அடுப்புப் பக்கமே விடமாட்டாள். துருத்தி ஒரு குழியில் எவ்வளவு சூட்டை எழுப்பும் என்பதையும் அவரிடம்தான் பார்த்தாள். இன்று எவர்சில்வர் வந்து அவருடைய தொழிலையே எடுத்துவிட்டது. அந்த நவச்சாரப் புகை நாற்றத்தை இப்போது நினைத்துப் பார்க்கிற தலைமுறை எங்களோடு முடியும்.

கரி எங்கிருந்து? கடையில் வாங்கியது குறைவு. காட்டில் பச்சை மரத்தைத் தொட முடியாது, தொடவும் கூடாது. சந்தன மரத்துக்குப் பேர்போன மலை, வனத்துறைக் கண்காணிப்பு அதிகம். உதிர்ந்த சுள்ளிதான் விறகு. காலையில் விறகடுப்பில் சோறு வடித்ததும், எரிந்து சிவந்திருக்கும் கங்குகளை அம்மா இடுக்கியால் பொறுக்கி ஒரு பழைய குக்கருக்குள் போட்டு மூடிவிடுவாள். கைப்பிடி உடைந்த, கேஸ்கெட் கழற்றிய குக்கர். அடியில் சாம்பல் மெத்தை, அலுமினியத்துக்குச் சூடு நேரே படாமல். மூடி இறுகாது, ஆனாலும் காற்று குறைந்தாலே கங்கு அவிந்துவிடும், சாம்பலாகாமல் கரியாக நின்றுவிடும். சாயங்காலம் திறந்தால் உள்ளே கறுப்பாகக் கலகலவென்று இருக்கும். தண்ணீர் தெளித்து அணைத்த கரி மறுபடி பற்ற அழும், இது உடனே பற்றும். கீழ்நாட்டில் வேலிக்காத்தான் மரத்தை அடுக்கி, மண் மூடி, நாள் கணக்கில் புகையவிட்டுக் கரிமூட்டம் போடுகிறார்களே, அதே தத்துவம்தான் அந்தக் குக்கரில். ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்து மூட்டைக் கரியைப் பிற்காலத்தில் வாங்கி எரித்தபோது, அது இன்னும் நெடுநேரம் நின்றது. ஆனாலும் அம்மா குக்கர்க் கரியை விடவில்லை.

பற்றவைக்க ஒரு டால்டா டின். இரண்டு பக்கமும் திறந்த டின்னின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் ஆணித்துளை, நடுவில் இரண்டு கம்பி குறுக்காக. கம்பிக்குக் கீழே தேங்காய் நார், மேலே கரி. நாரைப் பற்றவைத்துவிட்டு விலகிவிடலாம், விசிற வேண்டாம், ஊத வேண்டாம். சூடான காற்று மேலே ஏற, கீழே புதுக்காற்று நுழையும். அப்பா இதைத் தனியாக வகுப்பில் காட்டியதுண்டு. பின்னாளில் சீமையில் இதையே 'சிம்னி ஸ்டார்ட்டர்' என்று விற்கிறார்கள் என்று தெரிந்தபோது அம்மாவிடம் சொன்னேன். "அங்கயும் டால்டா டின் கிடைக்குதா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, அவளுக்கு உண்மையிலேயே அதுதான் சந்தேகம்.

அப்பாவுக்கு வீட்டிலேயே செய்து பார்ப்பதில் தீராத ஆசை. காவலூர் வானாய்வகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டு வந்தால் இரண்டு நாளைக்கு அதே பேச்சு. 1986இல் அங்கே நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியை பெங்களூரிலேயே தேய்த்துப் பதப்படுத்தினார்கள், எந்திரப் பாகங்களை மகாராஷ்டிரத்தில் வால்சந்த்நகர் தொழிற்சாலையில் செய்தார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். "வெளியில வாங்கல பாரு, நாமே செஞ்சோம்" என்பார். அதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் அம்மாவின் டால்டா டின்னையும் காட்டுவார். அவருக்கு இரண்டும் ஒரே வரிசையில் நிற்கிற விஷயங்கள்.

வாளியின் வாய்மேல் வைக்கிற வலைக்கு மட்டும் நிறைய நாள் நல்ல வழி கிடைக்கவில்லை. கோழிக்கூண்டுக் கம்பிவலையில் துத்தநாகப் பூச்சு இருக்கிறதே, அதை அம்மா தொடவில்லை. கடைசியில் விடுதி ஏலத்தில் ஓர் எவர்சில்வர் அன்னக்கூடை வந்தது. பக்கம் கிழிந்திருந்தது, துளைகள் நிறைந்த அடி மட்டும் சுளையாக இருந்தது. அடியை வட்டமாக வெட்டியெடுத்து, ஓரத்தை மடித்து, பழைய கரண்டிக் காம்பு இரண்டைப் பிடியாக ரிவிட் அடித்துக் கொடுத்தார் கொல்லர். வெட்டி மீந்த பக்கத் தகட்டில் ஒரு முறம்போலச் சாம்பல் வாரி. எங்கள் வீட்டில் அதைவிட அதிகம் உழைத்த பாத்திரம் கிடையாது.

துளை போட்ட பழைய இட்லித் தட்டு ஒன்று பலாக்கொட்டைக்கு. குழிக்கு இரண்டு கொட்டை, தோலைக் கீறி வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்தால் பத்து நிமிஷத்தில் டப்பென்று சத்தம் கேட்கும். மலையில் பலா சீசனில் பழம் தின்று அலுத்துவிடும், கொட்டை அலுக்காது. மழையில் காற்று மடக்கிப் போட்ட குடையின் கம்பிகள் கறி கோக்க. அவற்றை முதலில் வெறும் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பெயிண்ட் முழுக்கப் போனபின் சாம்பல் போட்டுத் தேய்த்து வைப்பாள். அதைச் செய்கிற அன்று நாங்கள் யாரும் பக்கத்தில் போகக் கூடாது, காற்று வருகிற பக்கம் நின்று அவள் மட்டும் செய்வாள். எண்ணெய் தொட்டுத் தடவ மக்காச்சோள மட்டையைக் கிழித்துக் கட்டிய குச்சி.

நாட்டுக்கோழி நேரே கங்கில் வேகாது, இழுக்கும். அதனால் மிளகு, மஞ்சள், கல்லுப்பு போட்டு அரை வேக்காடு வேகவிட்டு, தண்ணீர் சுண்டியதும் இஞ்சி பூண்டு விழுது பூசி வலையில் வைப்பாள். வைக்குமுன் உள்ளங்கையை வலையின் உயரத்தில் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவாள். மூன்றுக்குள் கை விலகினால் சூடு அதிகம், ஓட்டுத்துண்டு வாயை மூடும். ஐந்துவரை தாங்கினால் கோழிக்குச் சரி. இந்தக் கை வெப்பமானியை என் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். என் மகன் துபாயில் அதை வைத்துத்தான் இன்றும் பார்க்கிறான்.

மூடிபோட்டு மேலே நெருப்பு வைக்கும் வித்தை வாணியம்பாடியிலிருந்து வந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒரு வாத்தியார் அந்த ஊர்க்காரர். ஆம்பூர், வாணியம்பாடிக் கல்யாண வீடுகளில் பிரியாணி தேக்சாவைத் தம் போடும்போது, கீழே நெருப்பைக் குறைத்துவிட்டு மூடியின்மேல் கங்கை அள்ளிப் பரப்புவார்கள். அவர் ரம்ஜானுக்கு ஊருக்குப் போகாத ஒரு வருஷம் எங்கள் பின்கட்டில் செய்து காட்டினார். தேக்சா இல்லை, விடுதியின் கண்டமான குண்டான். தட்டையான மூடி இல்லை, தோசைக்கல். விளிம்பில் மாவு பிசைந்து ஒட்டினார். கறி சீரகச் சம்பா அரிசியோடு வெந்து இறங்கிய மணத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளில் இருந்த எல்லோரும் தட்டோடு வந்துவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு அம்மா சாமை மாவில் கனமான அடை தட்டி, கீழும் மேலும் தணல் வைத்துச் சுட ஆரம்பித்தாள். திருப்ப வேண்டாம், இரண்டு பக்கமும் சிவக்கும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அந்த அடைக்கு மலைத்தேன்.

அக்கம்பக்கத்து மலைக்காரர்களுக்கு இத்தனை சாமான் எதற்கு என்பதே புரியாது. பக்கத்துக் கொல்லைப் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு வாத்தியாரம்மா இவ்ளோ தட்டுமுட்டு? நெருப்பு இருந்தா போதாதா?" என்பாள். அவளுக்குச் சாம்பலே பாத்திரம். வள்ளிக்கிழங்கைச் சூடான சாம்பலில் புதைத்துவிட்டு மாட்டைக் கட்டப் போவாள், வந்து எடுத்தால் தோல் சுருண்டு தேனாக இருக்கும். கறியை வாழை இலையில் பொட்டலம் கட்டி, மேலே ஈரமண் அப்பிக் கங்கில் தள்ளுவாள். குத்திச் சுட வேண்டுமென்றால் அப்போது ஒடித்த பச்சைக் குச்சி. ஈரம் இருக்கும்வரை எரியாது, எரிவதற்குள் கறி வெந்துவிடும். செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாமில், வழிப்போகும் கூத்தர்களுக்கு மலைக்குடிகள் ஊனும் தினைச்சோறும் கொடுப்பது வருகிறது. செங்கம் இந்த மலையின் அடிவாரம். பாட்டியின் கைப்பக்குவம் அவ்வளவு பழையது என்றுதான் எனக்குத் தோன்றும். அம்மா பாட்டியிடமிருந்து சாம்பல் வித்தையை எடுத்துக்கொண்டாள், பாட்டி அம்மாவிடமிருந்து குக்கர்க் கரியை எடுத்துக்கொண்டாள். பாட்டி வீட்டில் குக்கர் ஏது? அடி ஒழுகுகிற தவலையில் பாதிவரை சாம்பல் நிரப்பிக்கொண்டாள்.

ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒத்த பிடிவாதம். மார்கழிக் குளிரில் நாங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் கரி அடுப்பு படுக்கிற அறைக்குள் வராது. விறகுப் புகை கண்ணை எரித்து எழுப்பிவிடும், கரி எழுப்பாது. கரி விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2024இல் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை விடுதி அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு ஆறவேயில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டி சொன்ன ஒரு வார்த்தையை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லையே.

பிறகு எல்லாம் மாறியது. இலவச எரிவாயு அடுப்பு வந்தது, 2016க்குப் பிறகு உஜ்வாலா சிலிண்டரும் மலை ஏறியது. பெண்கள் கண்ணெரிச்சலிலிருந்து விடுபட்டார்கள், அது மிகப் பெரிய விடுதலை. விறகுக் கட்டோடு ஏறி இறங்கிய முதுகுகளை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவும் கேஸ் அடுப்பை ஆசையாகத்தான் வாங்கினாள். வாளி அடுப்பு வெந்நீருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் என்று ஆனது. கேஸ் வந்ததும் விறகுக் கங்கு இல்லை, கங்கு இல்லாததால் குக்கர்க் கரி இல்லை. ஒன்று போனால் இன்னொன்று தானாகப் போகிறது.

போன கோடை விழாவின்போது ஜமுனாமரத்தூர் போயிருந்தேன். பீமன் அருவிக்கும் கோமுட்டேரிப் படகுக்கும் கூட்டம் நெரிந்தது. சென்னை, பெங்களூரிலிருந்து காரில் வந்தவர்கள், புத்தம்புது பார்பிக்யூ பெட்டியை ஒரே ஒரு தடவை எரித்துவிட்டு, வலை கறுத்துவிட்டது என்று காட்டோரத்தில் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். சமையல்கார அண்ணனின் மகன் அதையெல்லாம் பொறுக்கி வைத்திருந்தான். பையன் என்று சொல்லக் கூடாது, தலை நரைத்துவிட்டது. விழாக் கூட்டத்துக்குச் சோளமும் கோழியும் சுட்டு விற்கிறான். பாதியாய் அறுத்த டிரம்தான் அடுப்பு. நான் போன நேரம், காயலாங்கடையிலிருந்து வாங்கிய பழைய நான்ஸ்டிக் தவாக்களை அடுக்கி வைத்துக்கொண்டு, எதை எங்கே பொருத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அக்கா, வாங்க. இதுல கொஞ்சம் கறியைப் போட்டா ஒட்டாதுல்ல?"

"ஒட்டாது. ஆனா அதைக் கங்குமேல வைக்காதே."

அந்தக் கறுப்புப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதைய ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் விஷப்புகை விடும். வீட்டில் வளர்க்கிற கிளி, குருவி அந்தப் புகையில் செத்துப்போயிருக்கின்றன. கேஸ் அடுப்பில் தோசை சுடும்போது பயமில்லை, எரியும் கரியின்மேல் வெறும் தவாவாக வைத்தால் சில நிமிஷத்தில் அந்தச் சூட்டைத் தாண்டும். அவனிடம் இதைச் சொன்னதும், கேள்வி கேட்காமல் எல்லாத் தவாவையும் சாக்கில் போட்டான். அவன் அப்பாவின் பிள்ளை. எந்த உலோகம் எதைத் தாங்கும் என்று ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்கிற பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது.

டிரம்முக்கு நாலு கால் வெல்டிங் வைத்திருந்தான். சரிவான தரையில் ஒரு கால் எப்போதும் தூக்கிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே கல்லும் அட்டையும். நாலாவதை எடுத்துவிட்டு மூன்றை அகட்டி வைக்கச் சொன்னேன். மூன்று கால் எந்தக் கோணல் தரையிலும் ஆடாது, போளூர்க் கும்முட்டிக்கு மூன்றுதான். கரியை நடுவில் குவிக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் கோழியை வைத்து, கீழே தண்ணீர் ஊற்றிய பழைய இரும்புச் சட்டி வைத்தால் கொழுப்பு சொட்டி நெருப்புப் பிடிக்காது என்றும் சொன்னேன். அவன் ஒரு சோளத்தைச் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவி என் கையில் கொடுத்துவிட்டு, "கோழிக்கு மூடி வேணுமேக்கா, இவ்ளோ பெரிய மூடிக்கு எங்க போறது?" என்று கேட்டான்.

பெரிய பொரியல் வாணலியைக் கவிழ்த்தால் மூடிதான். உச்சியில் ஒரு துளை, அதில் பழைய கரண்டிக் காம்பை வளைத்து மாட்டினால் பிடி. போளூர் பக்கம் கல்யாண வாடகைப் பாத்திரக்காரர்கள் ஓட்டை விழுந்த வாணலிகளைக் கழிக்கிற நேரம் இது, முகூர்த்த மாசங்கள் முடிந்துவிட்டன. அடியில் ஓட்டை இருந்தால் அவன் துளைகூடப் போட வேண்டாம். எவ்வளவு அகலம் வேண்டும் என்று என் துப்பட்டாவாலேயே டிரம்மின் வாயை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அவன் இறங்கி வருவதாகப் பேச்சு. கடைக்காரரிடம் தட்டிப் பார்க்க நானும் கூடப் போகிறேன்.